அமிலத்துக்குப் பதில் ஆல்டிஹைடு வருகிறதா? டெம்போ வினையில் செய்யக்கூடாதவை

முதனிலை ஆல்கஹாலை டெம்போ (TEMPO என்ற நிலையான நைட்ராக்சில் ரேடிக்கல்) வினையூக்கியால் கார்பாக்சிலிக் அமிலமாக்கும்போது வினை பாதியில் நின்றுவிட்டால், பலரும் உடனே இன்னும் கொஞ்சம் டெம்போவைப் போடுகிறார்கள். பெரும்பாலும் குறை அதில் இருப்பதில்லை. தண்ணீரையும் பிஎச்சையும் பொருள்களைச் சேர்த்த வரிசையையும் முதலில் பாருங்கள்.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். டெம்போவிலிருந்து உண்டாகும் ஆக்சோஅமோனியம் அயனி ஆல்கஹாலை ஆல்டிஹைடாக்கும். அந்த ஆல்டிஹைடு தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு ஹைட்ரேட் ஆனால்தான் அதே அயனியால் அதை அமிலமாக்க முடியும். உலர்ந்த டைகுளோரோமீத்தேனில் அதற்கு வழியே இல்லை. தண்ணீர் போதாதபோது, மிச்சமிருக்கும் ஆல்கஹால் ஆல்டிஹைடோடு சேர்ந்து ஹெமிஅசிட்டால் ஆகி, கடைசியில் எஸ்டராக முடியும். பென்சைல் ஆல்கஹாலில் தொடங்கியவர்களுக்குப் பென்சைல் பென்சோயேட் கிடைப்பது இப்படித்தான்.

1999-இல் மெர்க் நிறுவன வேதியியலர்கள் வெளியிட்ட முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆல்டிஹைடை அமிலமாக்கும் வேலையை அதில் சோடியம் குளோரைட் ஏற்றுக்கொள்கிறது. அப்போது வெளிவரும் ஹைப்போகுளோரஸ் அமிலம் டெம்போவைப் புதுப்பிக்கிறது. அதனால் ப்ளீச் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) வெறும் 2 மோல் சதவீதம் போதும். பிஎச் 6.7, வெப்பநிலை 35 டிகிரி. காரத்தன்மை குறைவு என்பதால், ஆல்டிஹைடுக்கு அடுத்த கார்பனில் உள்ள கைரல் மையம் (இடம்-வலம் அமைப்பு) குலைவதும் குறைகிறது. அந்த 6.7-ஐப் பாஸ்பேட் பஃபர்தான் பிடித்து வைக்கிறது. அதைத் தோராயமாகக் கலக்காதீர்கள்.

இதில் ஆபத்தான தவறு ஒன்று உண்டு. குளோரைட் கரைசலையும் ப்ளீச்சையும் வசதிக்காக ஒரே புனலில் கலந்துவிடுவார்கள். அந்தக் கலவை நிலையற்றது, குளோரின் டை ஆக்சைடு கிளம்பும். இரண்டையும் தனித்தனிப் புனல்களிலிருந்து, ஒரே நேரத்தில், மெதுவாக விடுங்கள்.

ப்ளீச் பாட்டிலின் லேபிளையும் நம்ப வேண்டாம். வெயிலிலும் சூட்டிலும் கிடந்த ப்ளீச் வலுவிழந்திருக்கும். பொட்டாசியம் அயோடைடும் தயோசல்பேட்டும் கொண்டு ஒருமுறை தரம்பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்தது.

கையில் இருப்பது ஆல்டிஹைடு என்றால் டெம்போ தேவையில்லை, சோடியம் குளோரைட்டால் ஆல்டிஹைடை அமிலமாக்கும் பின்னிக் ஆக்சிஜனேற்றமே போதும். அங்கே உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலத்துக்கு வேலை இல்லை. விட்டுவைத்தால் உங்கள் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பையே அது தாக்கும். அதைப் பிடிக்கத்தான் 2-மெத்தில்-2-பியூட்டீனைத் தாராளமாகச் சேர்க்கிறோம். அது சுமார் 38 டிகிரியிலேயே கொதிக்கும். கோடையில் பாட்டிலைத் திறந்து வைத்திருந்தால், சேர்த்ததாக நீங்கள் நினைக்கும் அளவு குடுவைக்குள் இருக்காது.

டிஎல்சியில் (மெல்லடுக்கு நிறப்பகுப்பில்) அமிலம் அடியிலிருந்து வால் நீட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்து வினை கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாமல், ஓட்டும் கரைப்பானில் ஒரு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம், பிரித்தெடுப்பு. நல்ல விளைச்சல் பல நேரம் இங்கேதான் தொலைகிறது. மெர்க் முறையில் முதலில் பிஎச்சை 8-க்கு உயர்த்தி, கலவையைக் குளிர்ந்த சோடியம் சல்பைட் கரைசலில் ஊற்றுவார்கள். மிச்ச ஆக்சிஜனேற்றிகள் அழிந்துவிடும். அவை இருக்கும்போதே அமிலம் விட்டால் குளோரினும் குளோரின் டை ஆக்சைடும் வெளிவரலாம். இந்தக் கட்டத்தில் உங்கள் பொருள் உப்பாகத் தண்ணீர் அடுக்கில் இருக்கிறது. மாசுகள் போய்ச் சேர்ந்த கரிம அடுக்கை ஒதுக்கிவிட்டு, தண்ணீர் அடுக்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 3-க்குக் கொண்டுவந்த பிறகு புதுக் கரைப்பானால் எடுங்கள். எடை பார்த்து முடிக்கும்வரை எந்த அடுக்கையும் கொட்டாதீர்கள்.