வயலில் உழைக்கும் பெண், முடிவெடுப்பவராக மாறும் வழி

நாற்று பறிப்பது, களை எடுப்பது, விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது என வயல் வேலையில் பெரும்பகுதி பெண்களின் கையில் இருக்கிறது. எதைப் பயிரிடுவது, எங்கே கடன் வாங்குவது, எப்போது விற்பது என்ற பேச்சோ பெரும்பாலும் அவர்கள் இல்லாத இடத்தில் முடிந்துவிடுகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவின் சாகுபடி நிலக் கைப்பற்றுகளில் (ஒருவர் பொறுப்பில் பயிரிடப்படும் நிலங்களில்) ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு மட்டுமே பெண்கள் பொறுப்பாளர்கள். வீட்டில் வாதாடுவதால் மட்டும் இது மாறாது. ஆவணங்களில் பெண்ணின் பெயர் ஏற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தமிழ்நாட்டில் அதை எங்கிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு நோட்டு வேண்டும். உழவுக் கூலி, விதை, உரம் ஆகியவற்றோடு, நீங்கள் சொந்த வயலில் உழைத்த நாட்களையும் ஊரில் வழங்கும் கூலி விகிதத்திலேயே செலவாக எழுதுங்கள். தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததால்தான் நட்டம் தரும் பயிர்கூட லாபம் தருவதுபோலத் தோன்றுகிறது. ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் வீட்டில் பயிர் பற்றிய முடிவு ஆனியிலேயே எடுக்கப்பட்டுவிடும் என்பதால், சென்ற ஆண்டின் கணக்கை அதற்கு முன்பே குடும்பத்தார் முன் வைத்துப் பேசுங்கள்.

அடுத்தது பட்டா, இதில்தான் அதிக நேரமும் பொறுமையும் தேவைப்படும். நிலத்தின் மீதான உரிமை பத்திரத்தாலும் வாரிசு முறையாலும் வருவது; பட்டா வருவாய்த் துறையின் பதிவு மட்டுமே. ஆயினும் கடன், கொள்முதல், உதவித்தொகை என எதற்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அதுதான். கணவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், கணவரின் தாய் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் அந்த உரிமை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் தந்தை உயிருடன் இல்லாவிட்டாலும் அது செல்லும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினையை இது மாற்றாது. இறப்புச் சான்றிதழையும் வாரிசுச் சான்றிதழையும் பெற்றுக் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். சகோதரர்கள் நீட்டும் விடுதலைப் பத்திரத்தில், அன்பின் பொருட்டேயானாலும், முழுவதும் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தில் பங்கு முழுவதும் போய்விடும்.

நிலமே இல்லாத ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்க, தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகமான தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம் 5 லட்சம் ரூபாய் வரை 50 சதவீத மானியம் அளிக்கிறது. குத்தகைக்குப் பயிரிடுவோர் 4 முதல் 10 பேர் சேர்ந்து ஒருவரின் கடனுக்கு எல்லோரும் பொறுப்பேற்கும் கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து வங்கியை அணுகலாம்.

பெயர் பதிவானதும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நீங்களே உறுப்பினராகச் சேர்ந்து, பயிர்க்கடனை உங்கள் பெயரிலேயே கேளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா (நில விவரப் பதிவு), அடங்கல் (பயிர் விவரப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை அளிப்பவரின் கணக்கில்தான் நெல்லுக்கான பணம் சேரும். விற்ற பணம் எந்தக் கணக்கில் விழுகிறதோ, அடுத்த போகத்தின் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி ஊர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. உள்ளாட்சிப் பதவிகளில் 50 சதவீதம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தும், தலைவியின் நாற்காலியில் கணவர் அமரும் ஊர்கள் இருக்கின்றன. அதை மாற்றும் வலிமை சபையில் திரண்டு வரும் பெண்களுக்கு உண்டு. தனியாகச் செல்லாமல், சுய உதவிக் குழுவில் முன்கூட்டியே பேசி, ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். நெல் காயவைக்க உலர்களம், வாய்க்கால் தூர்வாருதல், நடவுக்குச் செல்லும் தாய்மார்களின் நேரத்துக்கு ஏற்பத் திறக்கும் அங்கன்வாடி என எதுவாகவும் அது இருக்கலாம். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்பதால் மனுவாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். வருகைக்காக நீட்டப்படும் தீர்மானப் புத்தகத்தில், உங்கள் கோரிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்பே கையெழுத்திடுங்கள். பிறகு அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்டுப் பெற்று, கணக்கு நோட்டுக்குள்ளேயே வைத்திருந்து, அடுத்த கிராம சபைக்கு மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.