திரும்பி வந்த உறையும் நேரக்கடிகாரம் பக்கத்துச் சுவரும்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வேலை செய்யும்போது மணிக்கட்டில் அடிபட்டு, இழப்பீடு கேட்டு நானே மனுப் போட்டேன். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் தப்பு.

சில நாளில் என் மனு எந்த நீதிபதிக்கு ஒதுக்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. எதிர்த்தரப்பான கம்பெனி பதில் தர 20 நாள் கெடு அந்த ஒதுக்கீட்டுத் தேதியிலிருந்து ஓடும். நாள் போனது, பதிலே இல்லை. கெடுவைத் தவறவிட்டால் நான் சொன்ன சங்கதிகளை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்களாம், மனசுக்குள் கொஞ்சம் குஷிதான். மறுநாளே நான் கம்பெனிக்கு அனுப்பிய உறை என்னிடமே திரும்பியது. மூலையில் மஞ்சள் ஸ்டிக்கர், 'முகவரியில் இல்லை'. பழைய சம்பளச் சீட்டைப் பார்த்து எழுதிய முகவரி அது. மனுவிலும் அதேதான்.

மனு தாக்கல் செய்யும்போதே மற்ற தரப்புகளுக்கும், தெரிந்தால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நகல் அனுப்புவது மனுதாரர் பொறுப்பு. காப்பீட்டு நிறுவனம் எது? அதை முதலாளி வேலையிடத்தில் ஒட்டி வைக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். சக ஊழியர் ஒருவர் போட்டோ அனுப்பினார்: வேலைக்கு வந்துபோகும் நேரம் பதியும் நேரக்கடிகாரம் பக்கத்தில், டேப் உரிந்த தாளில் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் இருந்தது.

அப்புறம் நீதிபதி அலுவலகத்துக்குத் திருத்திய முகவரியை எழுதிக் கொடுத்தேன். கம்பெனி, காப்பீட்டு நிறுவனம் இரண்டுக்கும் புது நகல் அனுப்பி, தபால் சான்றையும் சேர்த்தேன். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து பதில் வந்தது. எல்லாவற்றையும் மறுத்துத்தான், சரி, வந்ததே.