ஃபிரிஸ்பீ ஆட்டத்தில் நடுவரை வைத்து நான் பட்ட பாடு

தட்டு போன்ற டிஸ்க்கை வீசிப் பிடித்து இரு அணிகள் ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் பொதுவாக நடுவரே கிடையாது, உலக சாம்பியன்ஷிப்பில்கூட ஃபவுலை ஆடுபவர்களேதான் சொல்வார்கள். ஒரு மாறுதலுக்கு விசிலோடு நடுவர் வைத்து ஜாலியாக ஒரு டோர்னமென்ட் நடத்தினோம். முதல் ஆட்டத்திலேயே சிக்கல்: பழக்கதோஷத்தில் ஆளாளுக்கு 'ஃபவுல்' என்று கத்திவிட்டு அப்படியே நின்றுவிட, விசில் வரவே இல்லை, எதிரணி டிஸ்க்கை எடுத்துப்போய் கோல் போட்டுவிட்டது. சரி என்று ஒரு விதி சேர்த்தேன், தானாக ஃபவுல் கேட்டால் டிஸ்க் எதிரணிக்கு. அதோடு கத்தல் நின்றது. டிஸ்க் வைத்திருப்பவர் அதை வீச வேண்டிய பத்து வினாடியை எண்ணும் ஸ்டால் வேலையையும், அவரை மறித்து நிற்கும் எதிரணி ஆளான மார்க்கரிடமிருந்து பிடுங்கி நடுவரிடமே கொடுத்தேன், அவர் கையை வீசி வீசி எண்ணியது தனி வேடிக்கை. அப்புறம் டிஸ்க்கைப் பிடித்தால் கோல் ஆகும் எண்ட் ஸோனின் கோட்டருகே இன்னொருவரை நிறுத்தியதும் கால் உள்ளேயா வெளியேயா என்ற சண்டையும் ஓய்ந்தது. ஒருவர் மட்டும், நடுவர் தனக்குச் சாதகமாகச் சொன்னதைக்கூட 'இல்லை சார், நான்தான் இடித்தேன்' என்று கடைசிவரை திருத்திக்கொண்டே இருந்தார். அவருக்கு என்ன விதி போடுவது?