ஹை ரிஸ்க் நோயாளிக்கு மயக்க மருந்து: வீட்டார் செய்ய வேண்டிய ஆயத்தம்

வீட்டில் மூத்தவர் ஒருவருக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டால், அறுவை செய்யும் மருத்துவர் யார், கைராசி எப்படி என்று ஊரெல்லாம் விசாரிக்கும் உறவினர்கள், மயக்க மருத்துவரைப் பெரும்பாலும் தியேட்டர் வாசலில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். இதய நோய், நாள்பட்ட சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஒன்றிரண்டு சேர்ந்திருக்கும் நோயாளிக்கு அது மிகவும் தாமதமான சந்திப்பு. தருமபுரிப் பக்கம் பல ஆண்டுகளாக மயக்க மருந்து கொடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: எங்களுக்குத் தேவையான தகவலில் பெரும்பகுதி எந்த ரத்தப் பரிசோதனையிலும் வராது, அது வீட்டாரின் நினைவில்தான் இருக்கும்.

அவசர அறுவையாக இல்லாதவரை, குறித்த நாளுக்கு ஒரு வாரமாவது முன்பாக மயக்க மருத்துவரைப் பார்க்க நேரம் கேளுங்கள். போகும்போது மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. ஆனால் "காலையில் வெள்ளை ஒன்று, ராத்திரி சின்னது ஒன்று" என்பதற்கு மேல் பலருக்கும் சொல்லத் தெரிவதில்லை. எங்களுக்குப் பெயர்தான் வேண்டும். குளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மருந்துகளை வழக்கமாக அறுவைக்கு ஐந்து நாள் முன்பிருந்து நிறுத்துவோம் என்றாலும், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அந்த முடிவை இதய மருத்துவரும் நாங்களும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத் துடிப்புக்கும் கொடுக்கும் அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகளைத் திடீரென விடக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் என்னும் சர்க்கரை மாத்திரையைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வோம்; சர்க்கரை அளவு சரியாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் ஆபத்து அதில் உண்டு. நாட்டு மருந்து, மூட்டு வலிக்காக மாதக்கணக்கில் விழுங்கிய ஸ்டீராய்டு, பீடி, மது எதையும் மறைக்க வேண்டாம். நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை.

எக்கோ அறிக்கையைவிட நான் பெரிதும் நம்புவது ஒரு கேள்வியை: இரண்டு மாடிப் படி நிற்காமல் ஏற முடிகிறதா? மாடியே இல்லாத வீட்டுக்காரர்களிடம், தீர்த்தமலைக் கோயில் படி கடைசியாக எப்போது ஏறினீர்கள், பாதியில் எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று கேட்பேன். மூட்டு வலியால் ஏறவில்லையா, மூச்சு வாங்கியதால் ஏறவில்லையா என்பதைக் கூட இருப்பவர்தான் சரியாகச் சொல்வார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மிகுதியாகக் காணும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வரும் முன்பு, ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரையும் ஆழ்துளைக் குழாய் நீரையும் குடித்து வளர்ந்த தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டி ஆபரேஷனுக்கு வருகிறது. பல்லில் பழுப்புக் கறை எல்லோருக்கும் தெரியும். முதுகெலும்பைப் பிணைக்கும் தசைநார்களும் நாளடைவில் சுண்ணாம்பேறி இறுகிவிடும் என்பது பலருக்கும் தெரியாது. பென்னாகரம் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு முறிவோடு வந்த ஒரு பாட்டியிடம், "பாட்டி, மேலே ஓடுற ஃபேனைப் பாருங்க" என்றேன். அவர் கழுத்து அசையவில்லை; இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றி, உடம்பையே பின்னால் சாய்த்து ஃபேனைப் பார்த்தார். "கழுத்து எங்க கண்ணு திரும்புது, பத்து வருசமா இப்படித்தான்" என்றார். கூட வந்த மகன் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

முழு மயக்கத்தில் மூச்சுக்குழாய் பொருத்தக் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். முதுகில் ஊசி போட எலும்புகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். இறுகிய முதுகில் இரண்டும் கடினம், விலா எலும்புகளும் விரிய மறுப்பதால் மூச்சும் குறைவு. முன்கூட்டியே தெரிந்தால் தொண்டையை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே கேமரா வைத்த குழாயால் வழி பார்த்துப் பொருத்தலாம், அல்லது அந்த வசதியுள்ள மருத்துவமனைக்கு அனுப்பலாம். மயங்க வைத்த பிறகு தெரிந்தால் எங்களுக்கு இருப்பது சில நிமிடங்களே. ஆகவே வீட்டிலேயே மூன்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்: கூரையைப் பார்க்க முடிகிறதா, மூன்று விரல் நுழையுமளவு வாய் திறக்கிறதா, ஆடும் பல்லோ செட் பல்லோ உண்டா.

ஹை ரிஸ்க் என்று எழுதிய ஒப்புதல் படிவத்தை நீட்டினால் பதற வேண்டாம், படிக்காமலும் கையெழுத்திட வேண்டாம். அதில், அறுவைக்கு முன் நோயாளியின் உடல்நிலையை நாங்கள் தரம் பிரிக்கும் எண்ணான ஏ.எஸ்.ஏ. 3 என்றிருந்தால் உடலைப் பாதிக்கும் கடுமையான நோய் உண்டு என்றும், 4 என்றால் அந்நோய் உயிருக்கே எந்நேரமும் அச்சுறுத்தலாக உள்ளது என்றும் பொருள். அப்போது கேட்க வேண்டியவை: ஐ.சி.யூ.வில் வெண்டிலேட்டரோடு படுக்கை காலியாக உள்ளதா, ரத்தம் தயாராக உள்ளதா, அந்த உறுப்பை மட்டும் மரக்கச் செய்து முடிக்க இயலுமா. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படும் மருத்துவமனையில் நான் என் அம்மாவைச் சேர்க்க மாட்டேன்.

பட்டினி நேரத்தில் கருணை காட்டாதீர்கள். அசைவமும் எண்ணெய்ப் பலகாரமும் எட்டு மணி நேரம், இட்லி, பால், பால் கலந்த காபி ஆறு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. பல்லாண்டுச் சர்க்கரைக்காரருக்கு இரைப்பை மெதுவாகவே காலியாகும் என்பதால் அவருக்கு இன்னும் கூட்டிச் சொல்லலாம். வயிற்றிலுள்ளது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால், ஒரு டம்ளர் காபிக்கு வாரக்கணக்கில் விலை கொடுக்க நேரும்.

அரிய சிக்கல்களில் இரண்டு, குடும்பத்தின் பழைய கதையில்தான் பிடிபடும். முதலாவது, சக்சினைல்கோலின் என்னும் தசைத் தளர்ச்சி மருந்தைச் சிதைக்கும் நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது. வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் தணியும் அம்மருந்து, இவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசைகளைக் கட்டிப்போடும்; வெண்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் தானே தெளியும். ஆரிய வைசிய சமூகத்தாரிடையே இக்குறை கூடுதலாக இருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. பிறவிக் குறை இல்லாவிட்டாலும், மாந்தோப்புக்குப் பூச்சிமருந்து அடித்தவருக்கு அதே நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கலாம். ஆகவே கடைசியாக எப்போது அடித்தார் என்பதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, சில மயக்க வாயுக்களாலும் அதே சக்சினைல்கோலினாலும் தசைகள் விறைத்து உடல் அனலாய்க் கொதிக்கும் மாலிக்னன்ட் ஹைபர்தெர்மியா. 1960இல் மெல்போர்னில் கால் முறிந்து வந்த இளைஞர் ஒருவர், தன் உறவினர் பத்துப் பேர் ஈதர் மயக்கத்தில் இறந்ததைச் சொன்னதால்தான் இது பரம்பரை நோய் என்பதே மருத்துவ உலகுக்குத் தெரிய வந்தது. இதை முறிக்கும் டான்ட்ரோலின் எல்லா ஊரிலும் கைவசம் இருக்காது. எனவே "சித்தப்பா ஆபரேஷன் டேபிளிலேயே போய்விட்டார், ஜன்னி கண்டது என்றார்கள்" என்பது போன்ற பேச்சு வீட்டில் இருந்தால், அபசகுனம் என்று விழுங்கிவிடாமல் சொல்லுங்கள். தூண்டும் மருந்துகளைத் தவிர்த்துவிட்டு வேறு மருந்துகளால் பாதுகாப்பாக மயக்கலாம்.

ஆபரேஷன் முடிந்த இரவில் வயதானவர் இடம் மறந்து பிதற்றினால், கண்ணாடியையும் காதுக் கருவியையும் மாட்டிவிட்டு, தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், நர்ஸிடமும் சொல்லிவிடுங்கள். முதுகில் ஊசி போட்ட பின் எழுந்து உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் தணிவது பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் மரப்பு தெளிந்த கால் மறுபடி வலுவிழந்தாலோ சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, முதுகுத் தண்டருகே ரத்தம் கட்டியிருக்கலாம் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வீட்டில் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், என்ன மயக்க மருந்து கொடுத்தீர்கள், எதில் சிரமம் வந்தது என்று ஒரு தாளில் எழுதித் தரக் கேளுங்கள். அந்தப் பாட்டிக்கு "கழுத்து சாயாது, விழிப்பிலேயே குழாய்" என்று நான் எழுதிக் கொடுத்த தாளை, மகன் மூன்று நகல் எடுத்தார். ஒன்று ரேஷன் கார்டோடும், ஒன்று காப்பீட்டு அட்டையோடும் இருக்கிறது. மூன்றாவதை, அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த தன் சித்தியிடம் கொடுத்திருக்கிறார்.