தஸ்தயேவ்ஸ்கியின் பீட்டர்ஸ்பர்க்: முதல்முறை போகிறவர்களுக்கு இரண்டு நாள் நடைத்திட்டம்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தஸ்தயேவ்ஸ்கி ஏறக்குறைய இருபது வீடுகளில் குடியிருந்தார். எல்லாமே வாடகை வீடுகள். அவற்றை அவருடைய வாழ்க்கை வரிசைப்படி பார்க்கலாம் என்று கிளம்பினால் முதல் நாள் மதியத்துக்குள் கால் ஓய்ந்துவிடும். படித்த பள்ளி ஒரு மூலை, முதல் நாவல் எழுதிய வீடு இன்னொரு மூலை, சிறை ஆற்றுக்கு அக்கரையில். போன தெருவுக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அதனால் ஆண்டு வரிசையை மறந்துவிடுங்கள். முதல் நாள் முழுக்க ஒரே நாவல், ஒரே பேட்டை: 'குற்றமும் தண்டனையும்' (அடகுக்காரக் கிழவியைக் கோடரியால் கொல்லும் ரஸ்கோல்னிகோவ் என்ற இளைஞனின் கதை), சென்னயா சதுக்கம். இரண்டாம் நாள்தான் அவருடைய வாழ்க்கை.

படி 1: கிளம்பும் முன்

முழு நாவலையும் மறுபடி படிக்க நேரம் இல்லாவிட்டால் இந்த அத்தியாயங்கள் போதும்: முதல் பாகத்தில் 1, 5, 6, 7, இரண்டாம் பாகத்தில் 6, நான்காம் பாகத்தில் 4, ஆறாம் பாகத்தில் 8. தமிழ் மொழிபெயர்ப்பே போதுமானது. நடக்கும்போது கையில் இருக்கட்டும்.

நாவல் தெருப் பெயர்களை முழுதாகச் சொல்லாது. 'எஸ் சந்து', 'கே பாலம்' என்கிற மாதிரி பெயரின் ஓரிரு எழுத்து மட்டும் வரும். எஸ் சந்து என்பது ஸ்தலியார்னி சந்து, கே பாலம் என்பது கக்கூஷ்கின் பாலம். தஸ்தயேவ்ஸ்கியின் மனைவி அன்னா பின்னாளில் எழுதிவைத்த குறிப்புகள் இந்தப் புதிர்களில் சிலவற்றை அவிழ்க்கின்றன.

பிறகு தெருக்களின் பழைய பெயர், புதிய பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் வழிதவறுகிறார்கள். நாவல் காலத்து எகத்தெரினா கால்வாய் 1923 முதல் கிரிபயேதவ் கால்வாய். ஸ்ரெத்னயா மெஷான்ஸ்கயா இன்று கிரஜ்தான்ஸ்கயா. மாலயா மெஷான்ஸ்கயா இன்று கஸ்னசெய்ஸ்கயா. மூன்று பெயர்தான், ஆனால் முதல் நாள் முழுக்க இந்த மூன்றுக்குள்ளேதான் சுற்றப்போகிறீர்கள். ஒவ்வொன்றையும் ரஷ்ய எழுத்தில் ஓர் அட்டையில் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டால் தெருப்பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், யாரிடமாவது வழி கேட்கும்போதும் காட்டலாம்.

கதவு எண்ணில் ஒரு சூட்சுமம் உண்டு. '19/5' என்று இருந்தால் அது மூலைவீடு. ஒரு தெருவில் 19, திரும்பினால் அடுத்த தெருவில் 5. தஸ்தயேவ்ஸ்கிக்கு மூலைவீடுகள் என்றால் தனி விருப்பம் என்பதால் இது அடிக்கடி எதிர்ப்படும். மாடிக் கணக்கும் நம்முடையது இல்லை. ரஷ்யாவில் தரைத்தளமே முதல் மாடி. நான்காம் மாடியில் குடியிருக்கும் அடகுக்காரக் கிழவி நம் கணக்குக்கு மூன்றாம் மாடிக்காரி.

தேதிகளிலும் கவனம் தேவை. அன்றைய ரஷ்யா பழைய நாட்காட்டியைப் பின்பற்றியது; 19ஆம் நூற்றாண்டுத் தேதிகளுக்கு 12 நாள் கூட்டினால் இன்றைய தேதி வரும். தஸ்தயேவ்ஸ்கி இறந்தது 1881 ஜனவரி 28 என்று ஒரு பலகையிலும் பிப்ரவரி 9 என்று ஒரு புத்தகத்திலும் இருந்தால் இரண்டுமே சரி.

பணம், போன் விஷயம் சுருக்கமாக: வெளிநாட்டில் வழங்கிய விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச் முதல் ரஷ்யாவில் செல்லாது. டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோய் வங்கியில் ரூபிளாக மாற்றிக்கொள்ளுங்கள். இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா உண்டு; தங்கும் நாள் வரம்பை விண்ணப்பிக்கும் அன்று சரிபாருங்கள், விதி மாறிக்கொண்டே இருக்கிறது. யாண்டெக்ஸ் வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள். ஜி.பி.எஸ். சில சமயம் உங்களை வேறு தெருவில் நிறுத்திக் காட்டும், பாலங்களின் பெயரை நம்புவது மேல்.

காலம்? மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை வெண்ணிற இரவுகள், இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் இருக்கும். நாவல் தொடங்குவதும் ஜூலை முதலில், கொளுத்தும் வெயிலில்தான். டிசம்பரில் போனால் காலை பத்து மணிக்கு விடிந்து மாலை நான்குக்கு இருட்டிவிடும். நடைபாதையில் உறைபனி வழுக்கும். முதல்முறைக்கு அது வேண்டாம்.

படி 2: முதல் நாள், சென்னயா சதுக்கம்

மெட்ரோவில் சென்னயா பிளோஷச், சதோவயா, ஸ்பாஸ்கயா என்று மூன்று நிலையங்கள் இங்கே சுரங்கத்துக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. எதில் இறங்கினாலும் சதுக்கத்துக்கு வரலாம்.

அன்று இது வைக்கோல் சந்தை, குடிகாரர்களும் ஏழைகளும் நெரியும் இடம். இன்று கடைகளும் டிராமும். ரஸ்கோல்னிகோவ் மண்டியிட்டு மண்ணை முத்தமிடும் காட்சிக்குப் பின்னணியாக இருந்த தேவாலயம் 1961இல் இடிக்கப்பட்டது. ஆனால் தூண்கள் வைத்த ஒரு சின்னக் கட்டடம் சதோவயா தெருப் பக்கம் பிழைத்திருக்கிறது, தவறவிடாதீர்கள். அது பழைய காவல்கூடம். 1874 மார்ச்சில், தணிக்கை விதியை மீறிய பத்திரிகை ஆசிரியர் என்ற குற்றத்துக்காகத் தஸ்தயேவ்ஸ்கி இரண்டு நாள் அங்கே அடைபட்டிருந்தார். தன் கதாநாயகனை மண்டியிட வைத்த அதே சதுக்கத்தில், எட்டு வருடம் கழித்து.

படி 3: எழுதியவர் வீடும் எழுதப்பட்டவன் வீடும்

கக்கூஷ்கின் பாலத்தைத் தாண்டினால் ஸ்தலியார்னி சந்து. கஸ்னசெய்ஸ்கயா 7ஆம் எண் வீட்டில் 1864 முதல் 1867 வரை தஸ்தயேவ்ஸ்கி இருந்தார். 'குற்றமும் தண்டனையும்' இங்கேதான் எழுதப்பட்டது. நடுவில் ஒரு கழுத்துப்பிடி: 1866 நவம்பர் 1க்குள் இன்னொரு நாவல் தராவிட்டால் பதிப்புரிமையை எல்லாம் பதிப்பாளருக்குப் பறிகொடுக்க வேண்டும். அன்னா என்ற சுருக்கெழுத்துப் பெண்ணை வரவழைத்து 26 நாளில் 'சூதாடி'யைச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். அடுத்த பிப்ரவரியில் அவரையே மணந்தார். வீட்டுக்குள் போக முடியாது. நினைவுப்பலகை மட்டும் பார்க்கலாம்.

அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் கிரஜ்தான்ஸ்கயா 19/5, ரஸ்கோல்னிகோவின் வீடு என்று சொல்லப்படுவது. மூலையில் தஸ்தயேவ்ஸ்கியின் சிற்பம் இருக்கிறது. அதைப் படம் எடுத்துவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் அதே மூலையில் இருக்கும் சின்னப் பலகையையும் தேடுங்கள்: 1824 நவம்பர் 7 வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று குறித்திருக்கும். இந்தப் பேட்டையின் நிலவறை அறைகள் ஏன் மலிவாகக் கிடைத்தன என்பதற்கு அந்தக் கோடு ஒரு பதில்.

ரஸ்கோல்னிகோவ் உள்ளே மோட்டு அறையிலிருந்து பதின்மூன்று படி இறங்கி, கோடரியை வாயில் வளைவுக்குள் இருந்த காவலாளி அறையில் எடுப்பதாக நாவல் சொல்கிறது. வாயில் இப்போது எண்பூட்டு போட்டது. யாராவது கதவைத் திறக்கும்போது பின்னாலேயே நுழையாதீர்கள். குடியிருப்பவர்கள் பல வருடமாக இலக்கிய ரசிகர்களால் நொந்துபோனவர்கள். உள்முற்றம் பார்த்தே ஆகவேண்டும் என்றால் உள்ளூர் வழிகாட்டியோடு போவதுதான் முறை.

படி 4: 730 காலடி

ரஸ்கோல்னிகோவ் தன் வாசலிலிருந்து கிழவி வீடு வரை எண்ணி வைத்திருப்பது சரியாக 730 காலடி. எண்ணிக்கொண்டே நடக்க எல்லோருக்கும் ஆசை. நேர்வழி இது: ஸ்தலியார்னி சந்து வழியாகக் கால்வாய்க்கரை, கரையோரமாகவே, பாலம் கடக்காமல், அடுத்த வஸ்னெசென்ஸ்கி பாலம் வரை, அங்கே எதிர்க்கரைக்கு மாறி, அதே திசையில் தொடர்ந்து 104ஆம் எண்.

பெரும்பாலோருக்கு எண்ணிக்கை 730ஐத் தாண்டிவிடும். முதல் காரணம் அடியின் நீளம். ஓர் அடிக்கு 75 செ.மீ. என்றால் 730 அடி சுமார் 550 மீட்டர். நம்மில் பலருக்கு அடி 65 செ.மீ. தான், அதே தூரத்துக்கு 840க்கு மேல் ஆகும். இரண்டாவது, சிக்னலில் நின்று சுற்றிக் கடப்பது. மூன்றாவது, எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள் என்பது: நாவல் வீட்டு வாயிலிலிருந்து எண்ணுகிறது, சிற்ப மூலையிலிருந்து அல்ல. தவிர, இந்த வீடுதான் அது என்பதே ஆய்வாளர்களின் முடிவு, தஸ்தயேவ்ஸ்கி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது அல்ல.

பலர் செய்யும் இன்னொரு பிசகு, கொலை நாளன்று அவன் இந்த வழியில்தான் போனான் என்று நினைப்பது. அன்று அவன் வேண்டுமென்றே சுற்றுவழியில், மறுபக்கமாக வருகிறான். யூசுபவ் தோட்டத்தைக் கடக்கும்போது இங்கே நீரூற்றுகள் வைத்தால் காற்று எவ்வளவு குளிரும் என்று யோசிக்கிறான். கோடரி கோட்டுக்குள் தொங்குகிறது. அந்த வழியையும் திரும்பும்போது நடந்துவிடுங்கள்: 104இலிருந்து சதோவயா தெருவுக்கு வந்து சென்னயா பக்கம் திரும்பினால் தோட்டம் வலக்கைப் பக்கம் வரும். உட்கார நிழலும் பெஞ்சும் அங்கேதான் கிடைக்கும். முதல் பாகம் 6ஆம் அத்தியாயத்தை அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

104ஆம் எண் வீட்டில் பார்க்க வேண்டியது முகப்பை அல்ல, இரண்டு பக்கங்களை. ஒரு சுவர் கால்வாயைப் பார்க்கிறது, மறுசுவர் ஸ்ரெத்னயா பத்யாசெஸ்கயா தெருவை. நாவல் சொல்வதும் அப்படியே. இரண்டு பக்கமும் வாயில் இருப்பதால்தான் கதையில் அவன் ஆள் கண்ணில் படாமல் வந்து போக முடிகிறது. வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தாலே அது புரிந்துவிடும்.

நாவலின் நாயகி சோனியாவின் வீடு கால்வாய்க்கரை 73 என்கிறார்கள். அதில் கருத்து வேறுபாடு உண்டு. போகிற வழியில் இருப்பதால் ஒரு பார்வை போதும். வஸ்னெசென்ஸ்கி பாலத்தில் மட்டும் நில்லுங்கள், இரண்டாம் பாகத்தில் ஒரு பெண் தண்ணீரில் குதிப்பது அங்கேதான்.

படி 5: இரண்டாம் நாள்

காலையில் புஷ்கின்ஸ்கயா மெட்ரோவில் இறங்குங்கள். பக்கத்திலேயே பியனேர்ஸ்கயா சதுக்கம், சிறுவர் நாடக அரங்கம் இருக்கும் இடம். அன்று இதன் பெயர் செம்யோனவ் மைதானம். 1849 டிசம்பர் 22 அன்று, தடைசெய்யப்பட்ட அரசியல் கருத்துகளைப் பேசிய பெத்ராஷெவ்ஸ்கி குழுவினரை இங்கே நிறுத்தி மரண தண்டனை வாசித்தார்கள். முதல் மூவரைக் கம்பத்தில் கட்டிவிட்டார்கள். அடுத்த மூவரில் தஸ்தயேவ்ஸ்கி. கடைசி நொடியில் ஜாரின் கருணை ஆணை வந்தது. எல்லாம் முன்பே திட்டமிட்ட நாடகம். சைபீரியாவில் நான்கு வருடக் கடுங்காவல்தான் உண்மைத் தண்டனை.

அங்கிருந்து ஸகரத்னி சாலையிலேயே கால்மணி நேரம் நடந்தால் விளதீமிர் சதுக்கம். குஸ்னெச்னி சந்து 5/2, அரைநிலவறைக்குப் படியிறங்கி நுழைய வேண்டிய வீடு, தஸ்தயேவ்ஸ்கி அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை, புதன்கிழமை மதியத்துக்கு மேல்தான் திறப்பார்கள். நாள் குறிக்கும்போதே இதைப் பாருங்கள். 1878 முதல் சாகும்வரை அவர் இருந்த வீடு, 'கரமசோவ் சகோதரர்கள்' எழுதிய மேசை உள்ள அறை. மேல்மாடியில் வீடு, தனியே இலக்கியக் கண்காட்சி. நேரம் குறைவாக இருந்தால் வீட்டை முதலில் பாருங்கள். ஒரு புகையிலைப் பெட்டியைத் தேடிப் பிடியுங்கள்: அப்பா இறந்த தேதியை மகள் அதில் எழுதிவைத்திருக்கிறாள். அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

வெளியே வந்து சில நிமிடம் வடக்கே போனால் விளதீமிர்ஸ்கி 11, முதல் நாவலை முடித்த மூலைவீடு.

பிறகு தஸ்தயேவ்ஸ்கயா நிலையத்தில் நான்காம் தடத்தில் ஏறி, இரண்டாவது நிறுத்தமான பிளோஷச் அலெக்சாந்த்ரா நெவ்ஸ்கவாவில் இறங்குங்கள். அலெக்சாந்தர் நெவ்ஸ்கி மடாலய வாசலுக்கு வெளியே வலப்பக்கம், தஸ்தயேவ்ஸ்கி அடக்கமான தீஹ்வின் கல்லறைத் தோட்டம். இதற்குத் தனி நுழைவுச்சீட்டு, சாயங்காலம் மூடிவிடுவார்கள். அவர் கல்லறையில் பொறித்திருக்கும் கோதுமை மணி பற்றிய யோவான் 12:24 வசனம்தான் 'கரமசோவ் சகோதரர்கள்' முகப்பிலும் இருப்பது. சாய்கோவ்ஸ்கியும் இதே தோட்டத்தில்தான்.

அரை நாள் மிஞ்சினால்

பீட்டர்–பால் கோட்டைக்குப் போகலாம், ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு போங்கள். அங்கே சுற்றிக்காட்டும் த்ருபெத்ஸ்கோய் கொத்தளச் சிறை 1870களில் கட்டியது, தஸ்தயேவ்ஸ்கி அதில் இருந்ததில்லை. 1849இல் அவர் எட்டு மாதம் அடைபட்டிருந்த அலெக்ஸேயவ்ஸ்கி பகுதியின் சிறைக்கட்டடத்தை 1890களில் இடித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக ஃபந்தான்கா ஆற்றங்கரையில் மிஹாய்லவ்ஸ்கி கோட்டை மேல். 1838 முதல் 1843 வரை அவர் பொறியியல் படித்த கட்டடம் அப்படியே நிற்கிறது, வெளியிலிருந்து பார்க்கக் காசும் வேண்டாம்.