சின்ன பில், ஆறு வருடப் பதிவு: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கனடாவுக்கு வந்து இறங்கியதும் சொந்தக்காரர்கள் சொல்லித் தரும் முதல் விஷயம், "ஒரு கிரெடிட் கார்ட் எடு, கிரெடிட்டைக் கட்டியெழுப்பு" என்பதுதான். எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெரிய வங்கிகள் எல்லாம் புதிதாக வந்தவர்களுக்கென்றே கணக்கு வைத்திருக்கின்றன. நிரந்தர வேலை கிடைக்கும் முன்பே சின்னக் கடன் எல்லையோடு ஒரு கார்ட் தபாலில் வந்துவிடும். அதற்குப் பிறகு எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்ல யாருக்கும் நேரமிருப்பதில்லை. பெரிய கடன் வாங்கிப் பெயரைக் கெடுத்துக்கொண்டவர்களைவிட, இருபது முப்பது டொலர் பில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு மாட்டிக்கொண்டவர்களைத்தான் நான் அதிகம் சந்தித்திருக்கிறேன். கையில் காசு இருந்தும் கட்டாமல் போனவர்கள் அவர்கள். அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

முதலில், நீங்கள் கட்டுவதையும் தவறவிடுவதையும் யார் எழுதி வைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று இரண்டு கிரெடிட் பியூரோக்கள். வங்கி, கார்ட் கம்பனி, காருக்குக் கடன் கொடுத்த கம்பனி, பெரிய போன் கம்பனிகள் எல்லாம் நீங்கள் எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதை இவர்களுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அதை வைத்து 300 முதல் 900 வரை ஒரு ஸ்கோர் போடுவார்கள். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ நீங்கள் கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்த கதை அந்தக் கோப்பில் இருக்காது. கொழும்பில் பதினைந்து வருடம் வங்கியில் மேலாளராக இருந்தவரும் இங்கே வெற்றுத் தாளோடுதான் தொடங்குகிறார்.

எங்கள் ஆட்களுக்குள் ஓடும் சீட்டும் அப்படித்தான். மாதம் தவறாமல் சீட்டுக் கட்டுகிறவர் என்று ஸ்காபரோ முழுக்க உங்களுக்கு நல்ல பெயர் இருக்கலாம். பியூரோவுக்கு அது தெரியாது. மாமாவிடம் கைமாற்றாக வாங்கி நாள் பிசகாமல் திருப்பிக் கொடுத்ததும் தெரியாது. பேஸ்மென்ட் வாடகையைக் கையில் காசாகக் கொடுக்கிறீர்கள் என்றால் அதுவும் பதிவாகாது. பதிவாவது கார்ட், கடன், போன் பில் மாதிரியான சில மட்டுமே. அதனால் அந்தச் சிலவற்றில் ஒன்று பிசகினால் தாங்கிப் பிடிக்க வேறு எதுவும் கோப்பில் இல்லை. இருபது வருடமாக மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) கட்டி வருபவரின் கோப்பில் ஒரு தாமதம் விழுந்தால், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான நல்ல மாதங்கள் இருக்கும். உங்கள் கோப்பில் மொத்தமே ஏழெட்டு மாதம்தான் இருக்கும்.

இனி அந்தப் பதிவு எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பியூரோ வைத்திருக்கும் உங்கள் கிரெடிட் அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் போடுவார்கள். கிரெடிட் கார்ட் என்றால் ஆர், தவணைக் கடன் என்றால் ஐ, மாதாமாதம் முழுதாகக் கட்ட வேண்டிய போன் பில் மாதிரிக் கணக்கு என்றால் ஓ. பக்கத்தில் வரும் எண் 1 என்றால் நேரத்துக்குக் கட்டுகிறீர்கள். கெடு தாண்டி முப்பது நாளுக்கு மேல் போனால் 2, அறுபது தாண்டினால் 3, தொண்ணூறு தாண்டினால் 4. நூற்றிருபதும் தாண்டினால் 5. வராக் கடன் என்று எழுதிவிட்டால், அல்லது வசூல் கம்பனியிடம் தள்ளிவிட்டால் 9. பாக்கி 18 டொலராக இருந்தாலும் 1,800 டொலராக இருந்தாலும் முப்பது நாள் தாண்டினால் அதே 2தான். மறந்துபோனதா, இல்லாததால் கட்டவில்லையா என்று எழுதுவதற்கு அதில் இடமே இல்லை.

கெடு நாளுக்கு அடுத்த நாளே எல்லாம் முடிந்துவிட்டது என்று பயப்படவும் தேவையில்லை. இரண்டு நாள், ஒரு வாரம் தாமதமென்றால் வட்டி ஏறும், தாமதக் கட்டணம் வரலாம், சில கார்ட்களில் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் தவறினால் வட்டி வீதத்தையே உயர்த்துவார்கள். பியூரோவில் தாமதம் என்று விழுவது பொதுவாக முப்பது நாள் தாண்டிய பிறகுதான். அதனால் தவறவிட்டது தெரிந்த அன்றே கட்டுங்கள். அடுத்த சம்பளம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முழுதாகக் கட்ட முடியாவிட்டால் பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையையாவது கட்டுங்கள். அதைக் கட்டிவிட்டால் வட்டி ஏறினாலும் தாமதம் என்ற பதிவு விழாது.

விழுந்தால், பெரும்பாலும் ஆறு வருடம் இருக்கும். பிறகு காசைக் கட்டினால் பாக்கி பூச்சியமாகும். ஆனால் தாமதமாகக் கட்டினார் என்ற வரி அழியாது. வந்த முதல் ஆறு வருடத்தில்தான் நீங்கள் நல்ல வீடு வாடகைக்குத் தேடுவீர்கள், கார் எடுப்பீர்கள், முதல் வீடு வாங்கப் பார்ப்பீர்கள். வாடகைக்கு விடுபவர் கிரெடிட் அறிக்கை கேட்பது ரொறன்ரோவில் சாதாரணம். இருபது வீதத்துக்குக் குறைவான முன்பணத்தோடு வீடு வாங்கினால் மோர்ட்கேஜுக்குக் காப்புறுதி வேண்டும். அந்தக் காப்புறுதியைக் கொடுக்கும் அரச நிறுவனமான சிஎம்எச்சி அதற்குக் குறைந்தது 600 ஸ்கோர் கேட்கிறது. 2020 ஜூலையில் அதை 680 ஆக்கி, அடுத்த வருடம் திரும்பவும் 600க்குக் கொண்டுவந்தார்கள். 600 இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், நல்ல வட்டிக்குக் கடன் கொடுப்பவர்கள் அதைவிட மேலே எதிர்பார்ப்பார்கள். கார் இன்சூரன்ஸ் விலையை மட்டும் ஒன்ராறியோவில் கிரெடிட்டைப் பார்த்துப் போடக் கூடாது. அந்த ஒன்றில் நிம்மதி.

காசு இருந்தும் பில் எப்படித் தவறுகிறது

பெரும்பாலும் வீடு மாறும்போது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஸ்காபரோவில் பேஸ்மென்ட் ஒன்றில் இருந்து ஏஜக்ஸ் போனான். போகும்போது இன்டர்நெட்டை நிறுத்தச் சொல்லி போன் செய்தான், "சரி, நிறுத்தியாயிற்று" என்றார்கள். மோடத்தைத் திருப்பி அனுப்பினான். ஆனால் கடைசி பில் ஒன்று பழைய விலாசத்துக்குப் போனது. 43 டொலர். மேல்வீட்டுக்காரர் அந்தத் தபாலை எடுத்துப் படிக்கட்டு ஓரத்தில் வைத்தார், அது அங்கேயே கிடந்தது. அவனுடைய போன் இலக்கமும் அதற்குள் மாறிவிட்டது. எட்டு மாதம் கழித்து கார் எடுக்கப் போன இடத்தில், கடன் பிரிவில் இருந்தவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: வசூல் கம்பனியின் பெயர், பக்கத்தில் 9. கார் கிடைத்தது. ஆனால் கூடப் போன அவன் நண்பனுக்குக் கிடைத்த வட்டியில் இல்லை.

எதையாவது நிறுத்தினால், அதற்குப் பிறகும் ஒரு பில் வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். போன், இன்டர்நெட், ஜிம் எதுவானாலும் சரி. நிறுத்தும்போதே "கடைசி பில் எவ்வளவு, எந்த விலாசத்துக்கு, எந்த மின்னஞ்சலுக்கு வரும்?" என்று கேளுங்கள். மோடம் திருப்பிக் கொடுத்த ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். பாக்கி பூச்சியம் என்று எழுத்தில் வரும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை.

அடுத்தது, முதல் வருடம் இலவசம் என்று எடுத்த கார்ட். மேசை லாச்சியில் போட்டு மறந்துவிடுவோம். பன்னிரண்டு மாதம் முடிந்ததும் வருடக் கட்டணம் விழும். பாவிக்காத கார்ட்தானே என்று பில்லைத் திறந்தும் பார்க்க மாட்டோம். அது முப்பது நாள், அறுபது நாள் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

பலரும் அறியாதது எஞ்சிய வட்டி. சில மாதம் பாக்கி வைத்திருந்து, பிறகு ஒரு நாள் பில்லில் இருந்த முழுத் தொகையையும் கட்டி முடிக்கிறீர்கள். கணக்கு முடிந்தது என்று நினைத்துக் கார்ட்டை ஒதுக்கி வைக்கிறீர்கள். ஆனால் பில் போட்ட நாளுக்கும் நீங்கள் கட்டிய நாளுக்கும் இடையில் வட்டி ஓடியிருக்கும்; அடுத்த பில்லில் ஆறு ஏழு டொலராக வந்து நிற்கும். அதையும் கட்ட வேண்டும். கடனை அடைத்த பிறகு குறைந்தது இரண்டு மாதம் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள்.

கார்ட் தொலைந்து புதியது வந்தால் இலக்கம் மாறியிருக்கும். வங்கிச் செயலியில் பில் கட்டும் பட்டியலில் பழைய இலக்கமே இருக்கும். நீங்கள் பாட்டுக்குக் கட்டுவீர்கள், காசு எங்கோ அலைந்துகொண்டிருக்கும். புதுக் கார்ட் வந்த அன்றே பட்டியலைத் திருத்துங்கள். வேறு வங்கியின் கார்ட் என்றால் காசு போய்ச் சேர இரண்டு மூன்று வேலை நாள் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கெடு ஞாயிற்றுக்கிழமை என்றால் வெள்ளி இரவு கட்டுவது நம்பிக்கையானதல்ல, புதனோடு முடித்துவிடுங்கள்.

தபாலையும் நம்பி இருக்காதீர்கள். 2024இல் நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை கனடா போஸ்ட் வேலைநிறுத்தம் நடந்தது. பில் வரவில்லை என்பதற்காகக் கெடு தள்ளிப்போவதில்லை. எல்லா பில்லையும் மின்னஞ்சலுக்கு மாற்றி, குறைந்தபட்சத் தொகையாவது தானாகக் கழியும்படி செய்து வையுங்கள். அப்புறம் அந்த வங்கிக் கணக்கில் காசு இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. காசில்லாமல் திரும்பினால் கட்டாததற்குச் சமம், வங்கியும் தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

மச்சான் கார் எடுக்கிறான், அவனுக்குக் கிரெடிட் இல்லை, நீங்கள் கூடக் கையெழுத்து வைக்கிறீர்கள். இதை வேண்டாம் என்று சொல்வது எங்கள் குடும்பங்களில் லேசில்லை. ஆனால் கோ-சைன் என்றால் அந்தக் கடன் உங்களுடையதும்தான். அவன் ஒரு மாதம் தவறவிட்டால் தாமதம் உங்கள் கோப்பிலும் விழும், பல நேரம் உங்களுக்கு ஒரு அழைப்புக்கூட வராது. வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்தக் கடன் கணக்கை நீங்களும் இணையத்தில் பார்க்க வழி செய்துகொண்ட பிறகு வையுங்கள். உங்கள் கார்ட்டில் தம்பிக்கோ மனைவிக்கோ கூடுதல் கார்ட் எடுத்துக் கொடுத்தாலும், அவர்கள் செலவழிப்பதைக் கட்ட வேண்டியவர் கணக்கின் சொந்தக்காரரான நீங்கள்.

நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும்

பில் பிழையாக வந்திருக்கிறது, பேசிய விலை இதுவல்ல, செய்யாத அழைப்புக்குக் காசு போட்டிருக்கிறார்கள். கோபம் வரும். "கட்ட மாட்டேன், என்ன செய்வார்கள் பார்ப்போம்" என்று விடுகிறவர்களைப் பார்த்துவிட்டேன். சின்னத் தொகை என்றால், என் அபிப்பிராயம்: முதலில் கட்டுங்கள், பிறகு சண்டை பிடியுங்கள். கட்டும்போதே, பிழை என்று முறைப்பாடு செய்துதான் கட்டுகிறேன் என்று எழுத்தில் அனுப்புங்கள். போன், இன்டர்நெட் பிரச்சினை என்றால் சிசிடிஎஸ் என்ற அமைப்பு முறைப்பாட்டை இலவசமாக எடுக்கும். முதலில் கம்பனியிடம் முறையிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். காசு திரும்பி வர வழியிருக்கிறது. கோப்பில் விழுந்த எண்ணை எடுக்க அலைவது அதைவிடப் பல மடங்கு வேலை.

ஏற்கெனவே விழுந்துவிட்டதென்றால்

இரண்டு பியூரோவிடமும் உங்கள் அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. இரண்டையும் எடுங்கள், எல்லாக் கம்பனிகளும் இரண்டு இடத்துக்கும் அனுப்புவதில்லை. பெயர், விலாசம் முதற்கொண்டு வாசியுங்கள். எங்கள் பெயர்கள் முன்பெயர் பின்பெயர் மாறி, எழுத்துக்கூட்டு மாறி, வேறொருவரின் கணக்கு உங்களோடு சேர்ந்திருக்கவும் கூடும்.

பதிவு பிழையென்றால் பியூரோவிடமே இலவசமாக மறுப்புக் கொடுங்கள். கட்டிய நாள் தெரியும் வங்கிப் பதிவை இணையுங்கள். அதே நேரம் கம்பனிக்கும் எழுதுங்கள். பதிவு சரிதான், ஆனால் காரணம் இருக்கிறது என்றால் கோப்பில் ஒரு சிறு விளக்கம் சேர்க்கலாம்: ஈக்விஃபாக்ஸில் 400 எழுத்துக்குள், டிரான்ஸ்யூனியனில் பெரும்பாலான மாகாணங்களில் 100 சொல்லுக்குள். ஸ்கோர் அதனால் ஏறாது, கோப்பை வாசிக்கும் மனிதருக்காக அது. கம்பனியை அழைத்து, இதுவரை நன்றாகக் கட்டியவன், இந்த ஒரு முறை மன்னித்து எடுத்துவிடுவீர்களா என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். எடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சிலர் எடுப்பார்கள்.

உண்மையான பதிவைக் காசுக்கு அழித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள், தமிழில் விளம்பரம் செய்தாலும் சரி. அப்படி யாராலும் அழிக்க முடியாது. ஒன்ராறியோவில் கிரெடிட் திருத்தித் தருவதாகச் சொல்பவர் வேலையை முடிக்கும் முன் காசு வாங்குவதே சட்டத்துக்கு விரோதம்.

வசூல் கம்பனி அழைத்தால் பயந்து உடனே கார்ட் இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். யாருடைய கடன், எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவில் அவர்கள் முதலில் எழுத்தில் அறிவித்து ஆறு நாள் கழித்துத்தான் அழைக்கலாம். திங்கள் முதல் சனி வரை காலை 7 மணிக்கு முன்போ இரவு 9 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது, ஞாயிறு என்றால் பிற்பகல் 1 முதல் 5 மணி வரை மட்டும். கடன் உங்களுடையதுதான் என்று உறுதியானால் கட்டி, முழுதாகக் கட்டியாயிற்று என்று கடிதம் வாங்குங்கள். ஓரிரு மாதம் கழித்து இரண்டு அறிக்கைகளையும் திரும்ப எடுத்து, பாக்கி பூச்சியமாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டவில்லை என்றால் அந்தக் கடிதத்தை இணைத்து மறுப்பு அனுப்புங்கள்.