புகார்ப் பெட்டியில் தமிழில் எழுத: மவுஸைத் தொடாமல் ஒரு பயிற்சி

ஐப்பசி மழை தொடங்கினால் சென்னையில் இணையம் வழியாகப் புகார் எழுதுவோர் கூடிவிடுவார்கள். நான்கு வரி எழுதுவதற்குள் கை மவுஸுக்கும் கீபோர்டுக்குமாக அலையும். 'வேளச்சேரியில் எங்கள் தெருவில் வடிகால் அடைத்து, தண்ணீர் தேங்கி நிற்கிறது' என்ற வாக்கியத்தை வைத்தே பழகுவோம். விண்டோஸ் கணினியில் குரோம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: டேப் விசை அடுத்த பெட்டிக்கு அழைத்துப் போகும், ஷிஃப்டோடு சேர்த்தால் முந்தைய பெட்டிக்கு. டிக் போடும் கட்டத்துக்கு ஸ்பேஸ் போதும்.

இரண்டாம் படி: செட்டிங்ஸில் தமிழ் கீபோர்டைச் சேர்த்தபின், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்ந்தால் மொழி மாறும். புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் தமிழ் 99 அமைப்பைத்தான் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றது அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'வேளச்சேரி'யில் ச விசையை இரண்டு முறை தட்டினால் போதும், முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும்.

மூன்றாம் படி திருத்தம். நேரம் அதிகம் போவது இங்கேதான், அதனால் நிதானமாகப் பழகுங்கள். கன்ட்ரோலோடு இடது, வலது அம்பு: சொல் சொல்லாக நகரும். கன்ட்ரோலோடு பேக்ஸ்பேஸ்: முந்தைய சொல் முழுதும் அழியும். தவறாக அழித்துவிட்டால் கன்ட்ரோல் இசட்.

தமிழுக்கென்று ஒரு நுணுக்கம் உண்டு. 'தெருவில்' என்பதை 'தொருவில்' என்று அடித்துவிட்டீர்கள். 'தொ'வுக்குப் பின்னால் நின்று பேக்ஸ்பேஸ் தட்டினால் கொம்பும் காலும் மட்டும் போய் 'த' நிற்கும். முன்னால் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். இது தெரிந்தால், எழுத்து பாதியாக நிற்கும்போது பதற வேண்டியதில்லை.

நான்காம் படி: எண்டர் விசையில் கவனம். ஒற்றை வரிப் பெட்டியில் அது படிவத்தையே அனுப்பிவிடக்கூடும். அரட்டைப் பெட்டிகளில் புதிய வரிக்கு ஷிஃப்ட் எண்டர். முன்பெல்லாம் பெட்டிக்கு வெளியே பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தைய பக்கத்துக்குப் போய், எழுதியது காணாமல் போகும். 2016இல் குரோம் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டது, நல்ல முடிவு. இப்போது பின்னால் போக ஆல்ட்டும் இடது அம்பும்.

அப்புறம், அனுப்புவதற்கு முன் கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி. பக்கம் நின்றுபோனாலும் கன்ட்ரோல் வி போட்டு மீட்கலாம். வேர்டில் எழுதி ஒட்டுவதென்றால் ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துரு, நிறம் எதுவும் கூட வராது. தவறி மூடிய டேபைக் கன்ட்ரோல் ஷிஃப்ட் டி (T) திறக்கும், ஆனால் எழுதியதும் கூடவே வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

ரிச்சி தெருவில் புது கீபோர்டு வாங்கப் போனால், ஹோம், எண்ட், டெலீட் மூன்றும் தனித்தனி விசைகளாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.